காணி வாங்கும்போது கிணற்றின் கணக்கையும் கேளுங்கள்

நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், செத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கின்ற நண்பர் ஒருவர் கடந்த நோன்புக்குப் பிறகு ஒரு யோசனையுடன் என் கடைக்கு வந்தார். "மச்சான், நுரைச்சோலைப் பக்கம் ஐந்து ஏக்கர் வருகின்றது. இரண்டு ஏக்கர் மரக்கறி, மூன்று ஏக்கர் தென்னை. தென்னையை வெட்டிப்போட்டு முழுவதும் வெங்காயம் வைப்போம். நீயும் பங்குக்கு வா" என்றார். உறுதி, வரைபடம், பாதை உரிமை எல்லாம் சட்டத்தரணியிடம் காட்டி முடித்திருந்தார். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "தரகர் சொன்னார், தண்ணீருக்குப் பிரச்சினையே இல்லையாம்" என்பதுதான் பதில்.

நம் வர்த்தக சமூகத்தில் இப்போது கையில் நாலு காசு சேர்ந்தால் காணியில் போடுகின்ற பழக்கம் கூடியிருக்கின்றது. அதில் தவறில்லை. ஆனால் கடை ஒன்றை வாங்கும்போது மூன்று வருடக் கணக்கைக் கேட்கின்ற நாம், தோட்டக் காணி வாங்கும்போது பேர்ச் விலையை மட்டும் பேசுகின்றோம். தோட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எவ்வளவு தண்ணீர் எடுக்கப்படுகின்றது, அதை எடுக்க எவ்வளவு சக்தி செலவாகின்றது என்பதே அது. நான் முப்பது வருடமாக மோட்டரும் பைப்பும் விற்பவன். ஆகவே இந்தக் கணக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கற்பிட்டிக் குடாநாடு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமான மணல் தரை. அங்கே நிலத்தடியில் ஆறு ஒன்றும் ஓடவில்லை. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, உப்பு நீரின் மேல் ஒரு படையாக மிதந்துகொண்டிருக்கின்றது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பொதுக் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி நிரந்தரமாகக் குறைந்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்கு ஓர் அடி ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.

இனிக் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 4,000 லீற்றர். வெயில் காலத்தில் பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் அளவில் குடிக்கும், அதாவது 20,000 லீற்றர். தொண்ணூறு நாள் பயிருக்கு 18 இலட்சம் லீற்றர். ஐந்து ஏக்கரிலும் வருடத்துக்கு இரண்டு போகம் செய்தால் 180 இலட்சம் லீற்றர். அந்தக் காணியில் வருடத்துக்கு 1,000 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது என்று வைத்துக்கொண்டால், மொத்தமாக விழுவது 200 இலட்சம் லீற்றர். விழுகின்ற மழையில் பெரும் பகுதி ஆவியாகிப் போய்விடும், மிச்சம்தான் கிணற்றுக்கு. பெரும்போகத்தில் மழையே கொஞ்சம் பாய்ச்சிவிடும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் வரவுக்கும் செலவுக்கும் பொருந்தவில்லை. இதை நான் துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டியபோது நண்பர், "அப்படியென்றால் அங்கே இவ்வளவு காலமும் எப்படித் தோட்டம் செய்கின்றார்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அயலில் இருக்கின்ற தென்னங்காணிகளில் விழுந்த மழையையும் சேர்த்தே மரக்கறித் தோட்டங்கள் இறைத்துக்கொண்டிருக்கின்றன. எல்லோரும் தென்னையை வெட்டினால் யாருடைய மழையை யார் இறைப்பது?

அடுத்தது சக்தி. ஹோஸ் பைப்பால் பாய்ச்சும்போது மணலில் பாதிக்கு மேல் கீழே இறங்கிவிடும். பயிர் 20,000 லீற்றர் குடிக்க வேண்டுமானால் 45,000 லீற்றர் இறைக்க வேண்டும். ஆழமில்லாத கிணறு, அழுத்தமும் தேவையில்லை. எட்டு மீற்றர் உயர்த்தினால் போதும். சாதாரண மோட்டருக்கு இரண்டரை யுனிட் அளவில் போகும். ஸ்பிரிங்ளர் போட்டால் 30,000 லீற்றர் போதும், ஆனால் தூவுவதற்கு அழுத்தம் வேண்டும். அதையும் சேர்த்தால் 26 மீற்றர் உயர்த்துவதற்குச் சமம், ஐந்து யுனிட்டைத் தாண்டும். தண்ணீரில் மூன்றில் ஒன்று மிச்சம், மின்சாரம் இரட்டிப்பு. சொட்டு நீர்ப்பாசனத்தில் 24,000 லீற்றரும் மூன்று யுனிட்டுக்குக் குறைவாகவும் போகும். ஆகவே தண்ணீரை மட்டும் பார்த்தோ மின்சாரப் பட்டியலை மட்டும் பார்த்தோ எது நல்லது என்று தீர்மானிக்க முடியாது.

நாங்கள் காணியைப் பார்க்கப் போனபோது அங்கே மண்ணெண்ணெய் மோட்டர்தான் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த நம் மக்களில் பலர் அந்தப் பகுதித் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். அப்படி வந்த ஒரு மூத்தவர் இன்றும் அந்தக் காணியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். ஏக்கருக்கு ஒரு நாளைக்கு இரண்டு லீற்றர் எண்ணெய் என்றார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்ந்தது நமக்கு மறக்காது. தொண்ணூறு நாள் இறைப்புக்கு 15,660 ரூபாவாக இருந்த செலவு 61,200 ரூபாவாகியது. "அந்தப் போகம் ஒரு ஏக்கரை அப்படியே விட்டுவிட்டோம் ஹாஜியார்" என்றார். பிற்பாடு எண்ணெய் விலை இறங்கியது. ஆனால் அந்த விலையில் தாங்காத தோட்டம், அடுத்த முறை விலை ஏறும்போதும் தாங்காது.

எண்ணெயில் வருகின்ற சக்தி மட்டும் சக்தியல்ல. யூரியா இயற்கை வாயுவிலிருந்து செய்யப்படுகின்றது. ஐம்பது கிலோ மூடை ஒன்றைச் செய்யச் செலவாகும் சக்தி முப்பது லீற்றர் மண்ணெண்ணெய்க்குக் குறையாது. 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது மூடைக்கு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மணல் தரையில் தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ச்சினால் அந்தப் பசளை கரைந்து நேரே கிணற்றுக்குத்தான் போகும். கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூடினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. தோட்டத்துக் கிணற்றில்தான் கூலியாளின் வீட்டுக்கும் தண்ணீர் போகின்றது என்பதை முதலாளிமார் யோசிப்பதில்லை.

நண்பரிடம் இன்னொரு திட்டமும் இருந்தது. "சோலார் பம்ப் போடுவோம், வெயில் இலவசம்தானே" என்றார். நான் சோலார் பம்ப் விற்பவன். வாயை மூடிக்கொண்டு பில் எழுதியிருக்கலாம். ஆனால் எண்ணெய் விலைதான் இவ்வளவு நாளும் அந்தக் கிணற்றுக்குப் பூட்டாக இருந்தது. சோலார் போட்டபின் இன்னும் ஆயிரம் லீற்றர் இறைக்க ஒரு சதமும் செலவில்லை. காலையிலிருந்து அஸர் வரை மோட்டர் ஓடும். சொட்டு நீரும் அப்படித்தான். மிச்சம் வருகின்ற தண்ணீரைக் கொண்டு இன்னொரு ஏக்கர் நட்டால் மிச்சம் என்று ஒன்று இருக்காது.

சவூதியில் வேலை செய்த நம்மவர்கள் பாலைவனத்தில் வட்டவட்டமாகக் கோதுமை வயல்களைப் பார்த்திருப்பார்கள். எண்ணெய் மலிவு, அரசாங்கம் நல்ல விலைக்கு வாங்கியது. 1990களின் தொடக்கத்தில் விளைச்சல் வருடத்துக்கு 40 இலட்சம் தொன்னை எட்டியது. இறைத்ததோ ஆயிரமாயிரம் வருடங்களுக்கு முன் சேர்ந்த, திரும்ப நிரம்பாத நீர். 2008 இல் கொள்வனவைப் படிப்படியாகக் குறைப்பதென்று அந்த அரசாங்கமே முடிவெடுத்து 2016 இல் நிறுத்தியது. பின்னர் ஓரளவுக்கு அனுமதித்தார்கள், அது வேறு கதை. சக்திக்குப் பஞ்சமில்லாத நாட்டிலேயே தண்ணீர் முந்திக்கொண்டது.

எங்கள் காணிக்கு வருகின்றேன். உப்பு பார்க்கின்ற சிறிய மீற்றர் ஒன்றை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். விலையும் பெரிதல்ல. அதில் 800 மைக்ரோசீமன்ஸ் வரை காட்டினால் வெங்காயத்துக்குக் குறைவில்லை. 1,200 காட்டினால் விளைச்சலில் பத்தில் ஒன்று போகும். அதற்கு மேலே இறக்கம் வேகமாக இருக்கும். அந்தக் கிணறு 760 காட்டியது. நண்பர் சந்தோஷப்பட்டார். ஆனால் நாங்கள் போனது மழை முடிந்து அதிக நாளாகாத நேரம். மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நானா, ஓகஸ்டில் இந்தத் தண்ணீர் எப்படியிருக்கும்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "தேத்தண்ணிக்கு வேறு கிணற்றில் எடுப்போம் ஹாஜியார்" என்றார்.

சொந்தக்காரரிடம் இரண்டு விடயங்களைச் சொல்லிவிட்டு வந்திருக்கின்றோம். தென்னை மூன்று ஏக்கரும் தென்னையாகவே நிற்கும் என்ற கணக்கில்தான் விலை பேசுவோம், அவர் கேட்கின்ற மரக்கறிக் காணி விலைக்கு ஐந்து ஏக்கரையும் எடுக்க மாட்டோம் என்பது ஒன்று. கோடையில் கிணற்றைத் திரும்பவும் அளந்த பிறகே முற்பணம் என்பது மற்றது. அவருக்கு இது பிடிக்கவில்லை. கொழும்பிலிருந்து வேறு ஆட்களும் வந்து பார்த்துப் போகின்றார்களாம், அவர்கள் ஒன்றும் கேட்பதில்லையாம். நண்பரும் என்னுடன் கொஞ்சம் கோபம்தான். இருந்தாலும் ஓகஸ்ட் கடைசியில் மீற்றரையும் எடுத்துக்கொண்டு இருவரும் போவதாகப் பேசியிருக்கின்றோம். அதற்கிடையில் காணி விற்றுப்போனால் போகட்டும்.