அந்த வரியில் குதிரை இல்லை

கொஞ்ச நாள் முன்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கதை ஒன்றை மொழிபெயர்த்தேன். அதில் ஒரு பெண் 'கேலப்பிங் கன்சம்ப்ஷன்' வந்து சாகிறாள். நான் 'நாலுகால் பாய்ச்சலில் வந்த காசநோய்' என்று எழுதினேன். மூலத்தின் நயத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமிதம் வேறு. புத்தகம் வந்ததும் நண்பன் ஒருத்தன் அந்த இடத்தில் சிரித்துவிட்டான். சாவு வீட்டில் சிரிப்பு மூட்டியவன் நான்.

அன்றைக்கு டாக்டர்களே பயன்படுத்திய சொல் அது. வருஷக்கணக்கில் இழுக்கிற காசநோய் சில வாரங்களில் ஆளை முடித்தால் அப்படிச் சொல்வார்கள். அதைக் காதில் வாங்கிய அம்மா குதிரையையா நினைத்திருப்பாள்? இன்னும் எத்தனை நாள் என்றுதானே எண்ணியிருப்பாள்.

'அந்நியத்தன்மையைக் காப்பாத்தணும் தோழர்' என்று கிளம்பி வருபவர்களோடுதான் எனக்குச் சண்டை. எந்த அந்நியத்தன்மை? ஆங்கில வாசகருக்கே அந்த வரியில் குதிரை தெரிவதில்லை. அவருக்குத் தெரியாத குதிரையை நாம் ஏன் தமிழில் அவிழ்த்துவிட வேண்டும்?

'கேண்டர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தாமஸ் பெக்கெட் 1170இல் கொல்லப்பட்ட கேன்டர்பரி தேவாலயத்துக்கு யாத்திரை போனவர்களின் குதிரைகள் அலட்டிக்கொள்ளாமல் போன வேகம் 'கேன்டர்பரி கேலப்'. அது தேய்ந்து கேண்டர் ஆனது. அதனால் ஒரு அணி 'அட் எ கேண்டர்' ஜெயித்தது என்றால், வியர்க்காமல் ஜெயித்தது என்று பொருள். அதைப் போய் 'குதிரைப் பாய்ச்சலில் வென்றது' என்று எழுதினால் அர்த்தமே தலைகீழ். 'ஆன் த டிராட்' இன்னும் மோசம். மூன்று ஆட்டம் ஆன் த டிராட் தோற்றார்கள் என்றால் அடுத்தடுத்து தோற்றார்கள், அவ்வளவுதான். அதில் வேகமே கிடையாது.

ஆங்கிலேயர்கள் விலங்கைக் கூர்ந்து பார்த்து உண்டாக்கிய படிமங்கள் இவை, தொடக் கூடாது என்பார்கள். சரி, பாய்ந்தோடும் குதிரையை ஐரோப்பிய ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள்? முன்னங்கால் முன்னே, பின்னங்கால் பின்னே, அந்தரத்தில் நீட்டி. ஜெரிகோவின் 1821 எப்சம் பந்தய ஓவியத்தைப் பாருங்கள். மைப்ரிட்ஜ் 1878இல் எடுத்த புகைப்படங்கள் அதைப் பொய்யாக்கின. நாலு காலும் தரையை விடுவது அவை வயிற்றுக்கடியில் மடங்கிக் குவியும்போதுதான். தினம் குதிரையோடு வாழ்ந்தவர்கள் கண்ணுக்கே அது பிடிபடவில்லை.

எல்லாவற்றையும் துடைத்தெறியச் சொல்லவில்லை. 'நத்தை வேகம்' நம் பத்திரிகைகளில் ஆமைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. இருக்கட்டும், நத்தை எந்த ஊரிலும் மெதுவாகத்தான் போகும். ஒரு பாத்திரம் வாய் ஓயாமல் படிமமாகப் பேசுகிற ஆள் என்றால், அவன் சொல்லும் 'நரகத்திலிருந்து தப்பிய வௌவால்' தமிழிலும் அப்படியே பறக்கட்டும். குதிரைப் பந்தய நாவலில் டிராட் வேறு, கேண்டர் வேறு, கேலப் வேறு. அங்கே மூன்றையும் 'ஓடியது' என்று மழுப்புவது சோம்பேறித்தனம். உயிரோடிருக்கிற படிமம் எது, வெறும் சொல்லாகிவிட்டது எது என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கிறது. அகராதி இதைச் சொல்லித் தராது. 'விலங்கு மரபுத்தொடர்கள் 50' பட்டியல் சொல்லவே சொல்லாது.

என் பிரதியில் அந்த வரியை அடித்துவிட்டு, 'படுத்த மூணாவது வாரம் போய்ட்டா' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். கடையில் இருக்கும் பிரதிகளில் அவள் இன்னும் நாலுகால் பாய்ச்சலில்தான் செத்துக்கொண்டிருக்கிறாள்.