கையால் செய்த வானொலியும் கைவராத தமிழும்

"கைப்பேசியைத் தொட்டால் பாட்டு வருகிறது. இந்தக் காலத்தில் போய் யாராவது வானொலி செய்வார்களா?" விடுதி அறையில் கம்பிகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தபோது தோழிகள் கேட்ட கேள்வி இது. செய்யத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு நான் சொல்லும் காரணத்தில் பாதி வானொலியைப் பற்றியது; மீதிப் பாதி தமிழைப் பற்றியது.

இந்நாட்டில் வானொலியின் கதை ஆர்வலர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1921இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின்பொறியாளர் ஏ. எல். பர்ச் என்பவர் முதல் வானொலிக் கருவியை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். கம்பியில்லாத் தொடர்பு ஆர்வலர்களுக்கென ஒரு சங்கமும் தொடங்கினார். ரேடியோ மலாயா உருவானது அதற்கு 25 ஆண்டுகள் கழித்து, 1946இல். இன்று நாம் கேட்கும் மின்னல் எஃப்எம்மின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

நான் செய்த வானொலி மிக எளியது. டீஇஏ5767 என்ற சிறிய வானொலிச் சில்லு ஒன்று, அர்டுயினோ பலகை ஒன்று, பழைய ஒலிபெருக்கி ஒன்று. கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் வாங்கியதில் எல்லாம் 60 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. ஏரியலுக்கு 78 சென்டிமீட்டர் கம்பி. 96.3 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.1 மீட்டர், அதில் கால்வாசி அது. இந்த வானொலியில் திருகும் குமிழ் கிடையாது. கணினியில் 96.3 என்று தட்டினால், அர்டுயினோ இரண்டு கம்பிகள் வழியாக ஐந்து பைட் தகவலைச் சில்லுக்கு அனுப்பும். நிலையத்தைச் சில்லு பிடித்துக் கொடுக்கும்.

முதல் மூன்று நாள் சத்தமே வரவில்லை. நிரலைத் திரும்பத் திரும்பத் திருத்தினேன். கடைசியில் பார்த்தால் அந்த இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிச் செருகியிருந்தேன்! மாற்றிய மறுகணம் அறை முழுக்க மின்னலின் பாட்டு. அந்த மகிழ்ச்சியை எந்தத் தேர்வு முடிவும் எனக்குத் தந்ததில்லை.

உண்மையான தோல்வி அதற்குப் பிறகுதான் வந்தது. விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் தங்கை கேட்டாள்: "அக்கா, நீ நம்பரைத் தட்டினதும் அது எப்படி மின்னலைக் கண்டுபிடிக்குது?" நான் வாயைத் திறந்தேன். ஆசிலேட்டர், ரெஃபரன்ஸ், டிவைடர் என்று சொற்கள் வந்து விழுந்தன. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் மாலை மீண்டும் முயன்றேன். "உன் கைக்கடிகாரத்துக்குள்ளே குட்டியாக ஒரு படிகம் இருக்கு. விநாடிக்கு 32,768 தடவை துடிக்கும். அதை எண்ணித்தான் கடிகாரம் ஒரு விநாடின்னு சொல்லுது. இந்த வானொலியிலும் அதே படிகம்தான். சில்லுக்குள்ளே ஓர் அலை எந்த வேகத்தில் துடிக்கணும்னு, அந்தப் படிகத்தை அளவுகோலாக வெச்சுக் கணினி ஓர் எண் கொடுக்குது. மின்னலுக்கு அந்த எண் 11,783."

"அப்போ கடிகாரம்தான் பாட்டைத் தேடுதா அக்கா?" என்றாள். புரிந்துவிட்டது.

எனக்குத்தான் ஓரிடத்தில் புரியவில்லை. 11,783 கிடைக்க வேண்டுமானால் 96.3 மெகாஹெர்ட்ஸுடன் முதலில் 225 கிலோஹெர்ட்ஸைக் கூட்ட வேண்டும். பிறகு நான்கால் பெருக்கி 32,768ஆல் வகுக்க வேண்டும். ஏன் கூட்டுகிறோம் என்று தங்கைக்குச் சொல்லப் போனபோதுதான், அந்த வரியை நான் எங்கிருந்தோ அப்படியே எடுத்து எழுதியிருந்தது உறைத்தது. மீண்டும் படித்தேன். நிலையத்தின் அலைக்கும் சில்லின் அலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 225 கிலோஹெர்ட்ஸ். எந்த நிலையமானாலும் அந்த ஓர் இடத்துக்கு இறக்கி வைத்துத்தான் சில்லு பாட்டைப் பிரித்தெடுக்கிறது. ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னால் என் அறியாமை வசதியாக ஒளிந்திருந்தது. தமிழில் சொல்ல முயன்றதும் வெளியே வந்துவிட்டது.

இறுதியாண்டுத் திட்டத்தை விலைக்கு வாங்குவதும் நிரலை நகலெடுத்து ஒப்படைப்பதும் நம்மிடையே நடக்காதவை அல்ல. பட்டம் கிடைத்துவிடும், ஆனால் ஒரு குழந்தையின் கேள்விக்குப் பதில் இருக்காது. "இது பழைய தொழில்நுட்பம்" என்போருக்கும் ஒன்று சொல்வேன். மலிவான யுஎஸ்பி தொலைக்காட்சிக் கருவியைக் கொண்டே பல வகை அலைகளைப் பிடித்து, பிரித்தெடுக்கும் வேலையைக் கணினி நிரலிடமே விடலாம் என்பது 2012இல் பரவலாகத் தெரியவந்தது. பாதை முன்னோக்கித்தான் போகிறது. முதற்படியில் ஏறாதவர் அடுத்த படியை எட்ட முடியுமா?

நம் மொழிக் கழகம் கவிதைப் போட்டியும் பட்டிமன்றமும் நடத்துகிறது, நடத்தட்டும். அதோடு ஆண்டில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கித் தமிழ்ப்பள்ளி மாணவர்களோடு பத்து வானொலிகள் செய்வோமே! விளக்கம் முழுவதும் தமிழில் இருக்கட்டும். சில்லு, படிகம், அலை என்று சொல்லலாம். அர்டுயினோவை அர்டுயினோ என்றே அழைக்கலாம். சொல்லை விடப் புரிய வைப்பதே முக்கியம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நாம் செய்வது கேட்கும் கருவி. அலைபரப்பும் கருவி என்றால் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் குறுக்கே வரும். அதற்கு உரிமம் வேண்டும்.

"எனக்குத் தமிழ் சரியாக வராது" என்று ஒதுங்கும் பொறியியல் மாணவரும், "எனக்கு மின்னியல் தெரியாது" என்று ஒதுங்கும் தமிழியல் மாணவரும் அன்று ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் சொல்லட்டும். இருவருக்கும் தெரியாததை அங்கே வரும் பத்து வயதுப் பிள்ளை கேட்டுவிடும்.

மேடையில் மட்டும் வாழும் மொழி மேடை கலைந்ததும் வீட்டுக்குப் போய்விடும். வேலை செய்யும் மேசைக்கும் அதை அழைத்து வருவோம். என் பங்குக்கு அந்தப் பழைய ஒலிபெருக்கியை நான் கொண்டு வருகிறேன்.