காயில் கருகியது யார் குற்றம்?

மைக்செட் என்றால் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும் சுழலும் இசைத்தட்டும்தான் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று எங்கள் வடக்குத்தில் ஒரு காதுகுத்து என்றாலும் பந்தலின் இருபுறமும் ஆளுயரத்துக்குப் ‘பேஸ் பாக்ஸ்’ நிற்க வேண்டும். நெஞ்சு அதிர வேண்டும்!

என் தந்தையார் மைக்செட் வேலைக்குக் கூலிக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் நானும் ஒயர் சுற்றப் போவதுண்டு. சென்ற ஆண்டு பக்கத்து ஊர்த் திருவிழா ஒன்றில், ஒன்பது மணி இருக்கும், ஒரு பெட்டியிலிருந்து கருகல் நாற்றம் கிளம்பியது. காயில் போய்விட்டது. ரீகோன் செய்த செலவை அப்பாவின் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். வால்யூமை ஏற்றியவர் அவர்தானே என்றார்கள். உண்மை. ஆனால் ஏற்றச் சொன்னது யார்?

விழாக் குழுவினர் மேடைக்குச் சற்றுப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தனர். “பேஸே இல்லியேப்பா, ஏத்து!” என்று ஆள்மேல் ஆள் அனுப்பினர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அங்கே பேஸ் இல்லைதான்!

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. எனவே 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். மேடையின் இரு முனைகளிலும் பெட்டிகளை வைத்தால், ஒன்றைவிட மற்றது 3.5 மீட்டர் கூடுதல் தொலைவில் அமையும் இடங்களில் ஒன்றன் முகடும் மற்றதன் அகடும் மோதி ஒலி மங்கிப்போகும். நட்டநடுவில் நிற்பவருக்கோ நெஞ்சு வெடிக்கும். குறுக்கீட்டு விளைவு என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோமே, அதேதான் நண்பர்களே! வால்யூமை ஏற்றினால் இரண்டு அலைகளும் சேர்ந்தே ஏறும்; பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

காயில் மட்டும் சூடேறும். உள்ளே போகும் 100 வாட்டில் ஒரு சில வாட்தான் ஒலியாகிறது, மற்றதெல்லாம் வெப்பம். செம்புக் கம்பியின் வெப்பநிலை 100 டிகிரி உயர்ந்தால் மின்தடை ஏறத்தாழ 39 விழுக்காடு கூடும். மின்னோட்டம் குறைந்து ஒலி தளரும். உடனே மறுபடியும் “ஏத்து!” ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு அணையாமல் எரியத் தொடங்கும். இதற்கு என் அப்பாவா பொறுப்பு?

இருபுறமும் நிறுத்தும் அழகை முதலில் விட்டொழிக்க வேண்டும் என்பேன். இரண்டு பெட்டிகளையும் ஒரே இடத்தில் ஒட்டித் தரையில் வைத்தால் அந்தப் பள்ளம் இராது. ஒற்றைப் பெட்டியைவிட 6 டெசிபெல் கூடவே கிடைக்கும். பந்தலின் அழகு கெடும் என்பார்கள். கெடட்டும்!

அடுத்தது லிமிட்டர். கிராஸ்ஓவர் கருவிகள் பலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது, தொடுவார்தான் இல்லை. பெட்டியின் முதுகில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘பீக்’ வாட்டை நம்பாமல், தொடர்ந்து தாங்கும் வாட்டைப் பார்க்க வேண்டும். அது 500 வாட், 8 ஓம் எனில் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காண 63 வோல்ட் வரும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, எவ்வளவு ஏற்றினாலும் மல்டிமீட்டர் 63-ஐத் தாண்டாதபடி லிமிட்டரைப் பூட்டிவிடலாம். துளையிட்ட பெட்டியானால் அதன் சுருதிக்குக் கீழ்ப்பட்ட ஒலியையும் வெட்டிவிட வேண்டும். அங்கே கோனை அடக்கிப் பிடிக்கக் காற்றில்லை. தறிகெட்டு ஆடிக் கிழியும். பேசுகிற மைக்கைப் பேஸ் பாக்ஸுக்கு அனுப்புவதும் வீண் வேலை.

“வர்க்கமூலமெல்லாம் அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது?” என்று வகுப்புத் தோழர் ஒருவர் சிரித்தார். அப்பா அதை ஒரே மாலையில் கைப்பேசிக் கால்குலேட்டரில் போடக் கற்றுக்கொண்டார். எனக்குத்தான் சொல்லித்தர ஓராண்டு தோன்றவில்லை.

நம் இயற்பியல் ஆய்வகத்தில் சிக்னல் ஜெனரேட்டர் இருக்கிறது, மல்டிமீட்டர்கள் இருக்கின்றன. சித்திரைத் திருவிழாக்கள் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை அதைச் சுற்றுவட்டார மைக்செட்காரர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாளி பெட்டி தருவாரோ என்னவோ, அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.