பதினாறாம் நாளுக்குப் பின்

நமது ஊர்களில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்துவிட்டால், அன்று அத்தெரு முழுவதுமே ஒரு குடும்பமாகிவிடுகின்றது. தறிகள் ஓய்கின்றன, வயலுக்குப் புறப்பட்டவர் மண்வெட்டியைச் சார்த்திவிட்டுத் திரும்புகின்றார். இழவு வீட்டில் உலை ஏறுவதில்லை. பக்கத்து வீட்டாரும் சம்பந்தி வீட்டாரும் சோறாக்கிக் கொண்டு வருகின்றனர். மாதர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கின்றனர். இவற்றைப் பழைய வழக்கம் என்று எள்ளி நகைப்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. துயருற்றவரைத் தனியே விடலாகாது என்னும் நல்லறிவு இவ்வழக்கங்களுள் பொதிந்து கிடக்கின்றது.

ஆனால் அந்த நல்லறிவு பதினாறாம் நாளோடு முடிந்துவிடுகின்றது என்பதே நம் வருத்தம். கருமாதி ஆனதும் பந்தல் பிரிக்கப்படுகின்றது. உறவினர் தத்தம் ஊருக்குப் பேருந்து ஏறுகின்றனர். பதினேழாம் நாள் காலையில் அவ்வீட்டில் எஞ்சி நிற்போர்க்கு யார் துணை? இவ்வினாவை நம் கூட்டுறவுச் சங்கங்கள் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நெசவாளர் வீட்டை நோக்குவோம். கைத்தறி என்பது தனியொருவர் தொழிலன்று. கணவன் நாடா ஓட்ட, மனைவி தார் சுற்றித் தருகின்றாள். பாவு பிணைக்கும்போதும் அவள் கை வேண்டும். ஆகவே கணவன் மறைந்தால் மனைவி துணையை மட்டும் இழப்பதில்லை. தன் உழைப்புக்குரிய இடத்தையும் இழக்கின்றாள். மனைவி மறைந்தால் கணவன் நிலையும் அதுவே. வீட்டின் நடுவிலோ, பாதி நெய்த பாவு அப்படியே தறியில் நிற்கின்றது. அதைக் காணாமல் அவ்வீட்டார் ஓரடியும் எடுத்து வைக்க இயலாது. உழவர் வீட்டிலும் இதே நிலைதான். பயிர் தண்ணீருக்குக் காத்து நிற்கின்றது. பட்டாவோ, உரக் கடனோ மறைந்தவர் பெயரில் இருக்கின்றது. அழுவதற்குக்கூட ஓய்வில்லாத துயரம் இது.

இவ்விடத்தில் நம் பிழையொன்றை ஒளிக்காமல் உரைத்துவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, நாம் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், தவணை தவறிய உறுப்பினர்களுக்கு அறிவிப்பு அனுப்பக் கையொப்பமிட்டோம். அவற்றுள் ஒன்று, இரண்டு மாதங்களுக்கு முன் மறைந்த நெசவாளர் ஒருவரின் பெயருக்குச் சென்றுவிட்டது. அவர் இறுதி ஊர்வலத்தில் நாமும் நடந்தவர்களே. இரங்கல் தீர்மானமும் நிறைவேற்றியவர்களே. அவர் மனைவி அக்காகிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்திற்கு வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "அவர் பெயர் எழுதிய கடுதாசி வந்ததும் ஒரு நொடி, அவருக்குத்தான் வந்திருக்கிறது, வந்ததும் கொடுக்க வேண்டும் என்று எண்ணிவிட்டேன் ஐயா" என்றார். பதினாறாம் நாளுக்குப் பின் அவ்வீட்டு வாயிலை அடைந்த முதல் சங்கக் குரல் அந்த அறிவிப்பே என்பதை எண்ணும்போது இன்றும் நாணுகின்றோம்.

"நூல் வழங்குவதும், விளைபொருளை விற்றுத் தருவதும், கடன் கொடுப்பதுமே சங்கத்தின் வேலை, ஆறுதல் சொல்வது உறவினர் வேலை" என்று சிலர் கூறக்கூடும். வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டில் ராச்டேல் நெசவாளரும் பிற தொழிலாளரும் கூட்டுறவுக் கடை திறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, நோய்க்கும் சாவுக்கும் உதவப் பணம் சேர்த்த தோழமைச் சங்கங்கள் அந்நாட்டு உழைப்பாளரிடையே பரவியிருந்தன. இலங்கையின் சிற்றூர்களில் மரணாதார சங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. உறுப்பினர் மாதந்தோறும் சிறுதொகை செலுத்த, சாவு நேர்ந்த வீட்டுக்குப் பணமும் பந்தலும் ஆளுதவியும் உடனே சென்று சேருகின்றன. சாவில் கைகொடுப்பது கூட்டுறவுக்குப் புறம்பானது அன்று. அதன் வேர்களுள் ஒன்று.

இறுதிச் சடங்குக்கு அப்பாலும் செல்ல வழியுண்டு. 1960களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிலிஸ் சில்வர்மன் என்னும் அம்மையார் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். கணவனை முன்பே இழந்து தேறிய மாதரே, புதிதாக அத்துயரில் வீழ்ந்தோரைத் தேடிச் சென்றனர். இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. துயருற்றவர் கேட்கட்டும் என்று காத்திராமல் நாமே செல்ல வேண்டும் என்பது ஒன்று. பட்டறிந்தவர் சொல்லுக்கு இருக்கும் வலிமை பிறர் சொல்லுக்கு இல்லை என்பது மற்றொன்று. கைம்பெண்ணை நற்காரியங்களிலிருந்து ஒதுக்கி நிறுத்தும் கொடுமை இன்னும் முற்றிலும் ஒழியாத நம் நாட்டில், அவளையே ஆறுதலின் தூதாக அனுப்புவது இரட்டைப் பயன் தரும்.

ஆகவே நாம் முன்வைப்பது இதுவே. உறுப்பினர் வீட்டில் சாவு நேர்ந்தால், சங்கம் இருவரைத் துணையாக நியமிக்கட்டும். அவருள் ஒருவர் அத்தகைய இழப்பைத் தாமே கண்டவராக இருக்கட்டும். அவர்கள் ஓராண்டுக் காலம் அவ்வீட்டுக்குச் சென்று வர வேண்டும். முதல் வேலை காகித வேலை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அச்சான்றிதழ் இல்லாமல் காப்பீடும் சேமிப்பும் கைக்கு வாரா. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டில் ஆண்டுக்கு 436 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து கட்டியிருந்தால், குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 முதல் 50 வயது வரை உள்ளோர் அதில் சேரலாம். கணவர் சேர்ந்திருந்ததையே அறியாத மனைவியர் பலர். ஆதலால் உயிரோடிருக்கும் நாம் ஒவ்வொருவரும் நியமனதாரர் பெயரைச் சங்கப் பதிவேட்டிலும் வங்கியிலும் எழுதிவைத்து, அதை வீட்டாரிடமும் சொல்லிவைப்பது கடமையாகும்.

இரண்டாவது, தறியில் நிற்கும் பாவு. வேறொரு நெசவாளர் வந்து அதை முடித்துக் கொடுக்க, கூலி அவ்வீட்டுக்கே சேர வேண்டும். அம்மையார் தாமே நெய்ய விரும்பினால் அதற்கு உதவ வேண்டும். மூன்றாவது, துணையானவர் சென்று பேசி முடிக்கும் வரை கடன் அறிவிப்பு எதுவும் அவ்வீட்டுக்குப் போகலாகாது. கடனை மன்னித்துவிடுக என்று நாம் சொல்லவில்லை. அது மற்ற உறுப்பினரின் பணம். மனிதர் போன பின் காகிதம் போகட்டும் என்றே சொல்கின்றோம்.

சென்றவர் என்ன பேசுவது? "அழாதே" என்றும் "எல்லாம் விதி" என்றும் சொல்வதைவிட, மறைந்தவர் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்டிருப்பதே மேல். வாய்விட்டு அழ வழக்கம் இடங்கொடாத ஆடவரையும், ஒன்றும் சொல்லாத சிறுவரையும் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் துயரம் காலத்தால் தணியும். ஆறு மாதத்திற்கு மேலும் ஒருவர் அன்றாட வாழ்வுக்குத் திரும்ப இயலாதவாறு துயரிலேயே அமிழ்ந்திருப்பின் அது மருத்துவ உதவி வேண்டும் நிலையாக இருக்கலாம் என்பதை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டுள்ளது. சாவதற்கு எண்ணுவதாக ஒரு சொல் காதில் விழுந்தால் ஆறு மாதம் காத்திருத்தல் கூடாது. அரசின் மனநல உதவி எண் 14416ஐ அன்றே அழைக்க வேண்டும்.

உழவர் வீட்டுக் கறவையையும் காளையையும் மறந்துவிடலாகாது. பிள்ளையைப் போல் வளர்த்த பசு மாண்டால் அவ்வீட்டில் அன்று யாரும் உண்பதில்லை. "வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்பது ஆறுதல் ஆகாது. காப்பீடு செய்த மாடாயின், கால்நடை மருத்துவர் பார்க்குமுன் புதைக்காமலும், காதிலுள்ள அடையாள வில்லையைத் தொலைக்காமலும் பார்த்துக்கொள்ள அங்கும் நிதானமுள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும்.

இதற்குப் பெருநிதி எதுவும் தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவில், சென்ற ஆண்டில் மறைந்த உறுப்பினரின் பெயர்களைக் காரியதரிசி படிக்கட்டும். நாம் எழுந்து நின்று மௌனம் காப்போம். அமர்ந்த பின், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வினா எழட்டும்: "பதினாறாம் நாளுக்குப் பின் அவ்வீட்டுக்கு நம்மில் யார் சென்றோம்?" அதற்கு விடை கூற முடிந்த சங்கமே கூட்டுறவுச் சங்கம் என்னும் பெயருக்குத் தகுதியுடையது.