டேங்கர் லாரி ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகள் கோரும் மனு

அனுப்புநர்
டேங்கர் லாரி ஓட்டுநர் சங்கத்தார்,
மாப்பிள்ளையூரணி, தூத்துக்குடி.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி.

நகல்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகள்.

பொருள்: ரசாயன டேங்கர்களில் பாதுகாப்புக் கருவிகள் இருப்பதை லோடு ஏற்றும் இடத்திலேயே சரிபார்க்கக் கோருதல் – தொடர்பாக.



வ.உ.சி. துறைமுகத்தையும் சுற்றுவட்டார ஆலைகளையும் நம்பிக் கந்தக அமிலம், காஸ்டிக் சோடா, பெட்ரோல், டீசல் ஏற்றி ஓட்டுபவர்கள் நாங்கள். 2018 ஜூனில், மூடப்பட்ட ஸ்டெர்லைட் ஆலையில் கந்தக அமிலம் கசிந்தபோது, அதை வெளியேற்றியதும் டேங்கர் லாரிகளில்தான்.

நாங்கள் புதிய சட்டம் எதுவும் கேட்கவில்லை. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியில் முதலுதவிப் பெட்டி, பாதுகாப்புக் கருவிகள், மாற்று மருந்துகள் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129-ஆம் விதி சொல்கிறது. அதை உறுதிசெய்ய வேண்டியவர் வண்டி உரிமையாளர் என்கிறது 132-ஆம் விதி. ஆனால் பல வண்டிகளில் இந்தப் பொருட்கள் தகுதிச் சான்றுக்காக (எஃப்.சி.) காட்டும் நாளில் ஏறி, மறுநாள் இறங்கிவிடுகின்றன.

அமிலம் இறக்கி முடித்து ஹோஸைக் கழற்றும் நேரம்தான் எங்களுக்குக் கண்டம். குழாயில் தங்கிய மிச்சம் முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே குறைந்தது 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கேபினில் இருப்பதோ குடிக்க வைத்த ஒரு பாட்டில் தண்ணீர். கையுறை இருந்தால் விரலிடுக்கில் வெடித்திருக்கும். முகமூடி என்று தருவது தூசிக்குக் கட்டும் துணி. அமில ஆவிக்கு ஒரு ஃபில்டர், அம்மோனியாவுக்கு வேறு ஃபில்டர் என்பதுகூட எங்களில் பலருக்குச் சொல்லித் தரப்படவில்லை. இது கொடுமை, ஐயா.

ஆகவே, அமிலம் தாங்கும் கையுறை, ஏப்ரன், பூட்ஸ், முகக்கவசம், சரக்குக்கு ஏற்ற ஃபில்டருடன் முகமூடி ஆகியவற்றை ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் ஆளுக்கொரு செட்டாக, அவரவர் அளவில் உரிமையாளர் தர ஆணையிட வேண்டுகிறோம். இவை இல்லாத வண்டிக்கு ஆலையோ டெர்மினலோ லோடு தரக் கூடாது. எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுவே. வாசலில் ஒருமுறை தடுத்தால் மறுமுறை எல்லாம் தானாக வந்துவிடும். ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் கண் கழுவும் குழாயும் ஷவரும் தண்ணீரோடு இருக்க வேண்டும். கேபினில் வைக்கும் டிரெம் கார்டு (விபத்துக்கால அவசர வழிகாட்டி அட்டை), ஓட்டுநர் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். ஆபத்தான சரக்கு ஓட்டுநர்களுக்கான மூன்று நாள் பயிற்சியில் பாதுகாப்புக் கருவிகளை மாட்டிப் பழக்க வேண்டும். கருவிகளுக்கான செலவை எங்கள் பேட்டாவில் பிடிக்கக் கூடாது.

இந்த ஆபத்து எங்களோடு நிற்பதில்லை. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவுடன் டேங்கர் கவிழ்ந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. எங்கள் வண்டிகளும் ஊருக்கு நடுவேதான் போகின்றன.

உரிமையாளர்கள், ஆலை நிர்வாகங்கள், எங்கள் சங்கம் ஆகிய மூன்று தரப்பையும் அழைத்துத் தங்கள் தலைமையில் விரைவில் கூட்டம் நடத்தி, எழுத்துப்பூர்வமாக ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்