ஸ்டீராய்டு எடுத்தால் எடைகுறைப்பு ஊசி முறிந்துவிடுமா?

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி செக்போஸ்ட் வரை சி.டி.எச். சாலையில் மருந்துக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கடைகளின் ஃபிரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில் இப்போது புதிய ஊசிகள் இடம்பிடித்திருக்கின்றன. டிர்செபடைடு என்ற மருந்து மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. செமாக்ளூடைடு மாத்திரையாக 2022லேயே வந்துவிட்டது. எடைகுறைப்புக்கான ஊசியாக, வீகோவி என்ற பெயரில், 2025 ஜூனில் வந்தது. அதன் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைக்கும்தான் என்பதால், இதுவரை வசதியுள்ளவர்களோடு நின்ற இந்த மருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளியின் வீட்டுக்கும் வரப்போகிறது.

ஊசிக்கு முன்னாலேயே ஒரு பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. "ஸ்டீராய்டு எடுத்தா இந்த ஊசி வேலை செய்யாது. ரெண்டுல ஒண்ணை விட்டுடணும்." வீசிங்குக்கு ஐந்து நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தாலும், முட்டியில் ஊசி போடலாம் என்று எலும்பு டாக்டர் சொன்னாலும், இந்தப் பேச்சு குறுக்கே வருகிறது. சிலர் எடைக்கான ஊசியை நிறுத்துகிறார்கள். சிலர் ஸ்டீராய்டை நிறுத்துகிறார்கள். இரண்டாவது கூட்டத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். ஆகவே இந்தப் பேச்சைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில், பயம் எங்கிருந்து வந்தது என்பதை மதிக்க வேண்டும். 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு, தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தீவிர கொரோனா நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று காட்டியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த ஆண்டே, அதே மருந்தைத் தேவையில்லாமலும் அளவுக்கு மீறியும் கொடுத்ததால் சர்க்கரை எகிறி, கரும்பூஞ்சை வந்து கண்ணை இழந்தவர்களையும் நாம் பார்த்தோம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், பசியைக் கிளப்பும், மாதக்கணக்கில் எடுத்தால் முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பு சேரும். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் "சர்க்கரையை ஏற்றும்" என்பதிலிருந்து "ஊசியை முறிக்கும்" என்பதற்குப் போகிற படி இருக்கிறதே, அதுதான் தவறு.

அகத்திக்கீரை சாப்பிட்டால் மருந்து முறியும் என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். பத்தியம் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒன்று உள்ளே போனால் இன்னொன்று செத்துப்போகும் என்ற எண்ணம் எளிதாக வருகிறது. ஒரு மருந்து இன்னொரு மருந்தை உண்மையிலேயே முறிக்க வேண்டுமானால், அதைச் சிதைக்க வேண்டும், அல்லது அது போய் உட்காரும் இடத்தை அடைக்க வேண்டும். இங்கே இரண்டும் நடப்பதில்லை. செமாக்ளூடைடும் டிர்செபடைடும் பெப்டைடுகள், அதாவது இன்சுலினைப் போலச் சிறு புரதத் துண்டுகள். புரதங்களை உடைக்கும் நொதிகள் இவற்றை மெதுவாக உடைக்கின்றன. ப்ரெட்னிசோலோனைக் கையாள்வது கல்லீரலில் உள்ள வேறு நொதிகள். பெப்டைடு உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் உட்காருகிறது. ஸ்டீராய்டு உயிரணுவுக்கு உள்ளே நுழைந்து அங்கிருக்கும் வேறொரு ஏற்பியைப் பிடிக்கிறது. இருவருக்கும் வழியும் வேறு, வாசலும் வேறு.

ஆனால் விளைவில் மோதல் உண்டு. ஸ்டீராய்டு கல்லீரலைச் சர்க்கரை உற்பத்தி செய்யத் தூண்டும், தசை இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் செய்யும், கணையத்தின் கையையும் கொஞ்சம் கட்டும். பெப்டைடு ஊசி, சர்க்கரை ஏறும்போது இன்சுலினைச் சுரக்கவைக்கும், குளுக்ககானை அடக்கும், மூளைக்குப் போதும் என்று சொல்லும். தொட்டியில் ஒரு குழாய் நீரை நிரப்ப, இன்னொன்று வெளியேற்றுவது மாதிரி. நிரப்பும் குழாயைத் திறந்ததால் வெளியேற்றும் குழாய் பழுதாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதை ஆய்வாகவும் பார்த்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு, ஆரோக்கியமான ஆண்கள் சிலருக்கு அதிக அளவு ப்ரெட்னிசோலோன் கொடுத்து, கூடவே இதே குடும்பத்தின் மூத்த மருந்தான எக்செனடைடையும் செலுத்தியது. 2011இல் வெளியான முடிவு: ஸ்டீராய்டால் வரவேண்டிய சர்க்கரைக் கோளாறும் கணையச் செல்களின் தடுமாற்றமும் தடுக்கப்பட்டன. சிறிய ஆய்வு, குறுகிய காலம், எடையைப் பற்றியதல்ல. அதற்கு மேல் அதன் மேல் பாரம் ஏற்றக் கூடாது. ஆனால் "ஸ்டீராய்டு இருந்தால் இந்த வகை மருந்து வேலையே செய்யாது" என்ற வாதத்துக்கு நேர் எதிரான சாட்சி அது.

அடுத்து எடை மெஷின். "மாத்திரை சாப்பிட்ட ஒரே வாரத்துல ரெண்டு கிலோ ஏறிடுச்சு, ஊசிக்குக் கொடுத்த காசெல்லாம் வீண்" என்கிறார்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,400. ஒரு வாரத்தில் அது சேர வேண்டுமென்றால், தினமும் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இன்னொரு முழுநாள் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்க வேண்டும். எடைகுறைப்பு ஊசியில் இருப்பவர் அரைத்தட்டு சோற்றுக்கே திணறுவார். மெஷினில் ஏறியது பெரும்பாலும் உப்பும் நீரும். மாத்திரை முடிந்ததும் அதுவும் இறங்கிவிடும். செமாக்ளூடைடின் எடைகுறைப்பைச் சோதித்த ஸ்டெப் 1 ஆய்வு 68 வாரம் நடந்தது. சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது. 68 வாரத்தில் பார்க்க வேண்டிய கணக்கை ஒரு வாரத்தில் முடித்து மனம் உடைவது யாருக்கும் நல்லதல்ல.

மாதக்கணக்கில் அதிக அளவு ப்ரெட்னிசோலோன் எடுக்க வேண்டிய லூபஸ் நோயாளியின் கதை வேறு. அவருக்கு எடை மெதுவாகத்தான் இறங்கும், இறங்காமலும் போகலாம். தசையையும் எலும்பையும் ஸ்டீராய்டு அரிக்கும். வேகமாக எடை குறையும்போதும் கொழுப்போடு தசை கொஞ்சம் கரையும். இரண்டும் சேர்ந்தால் அவர் தட்டில் முட்டை, பருப்பு, மீன் குறையாமல் இருக்க வேண்டும், எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். அவருக்கு இந்தப் பேச்சு பாதி பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் தெருவில் இதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்து நாள் மாத்திரைக்காரர்கள்.

"எந்த ஸ்டீராய்டா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே" என்பதுதான் இந்தப் பேச்சின் அடித்தளம். அது நிற்காது. ஆஸ்துமா முற்றும்போது கொடுப்பது தினம் 40 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன், ஐந்து முதல் ஏழு நாள். இன்ஹேலரில் ஒரு பஃப்பில் வருவது 200 மைக்ரோகிராம் ப்யூடசோனைடு. அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதன் வீரியம் கூடுதல்தான், ஆனால் அது நேரே நுரையீரலுக்குப் போகிறது, விழுங்கப்படும் பகுதியில் பெரும்பங்கைக் கல்லீரல் செயலிழக்கச் செய்துவிடுகிறது. பட்டறைத் தூசியிலும் லாரிப் புகையிலும் மூச்சுவிடும் அம்பத்தூர்க்காரர் ஒருவர், எடைக்கான ஊசி கெட்டுவிடும் என்று பயந்து இன்ஹேலரை விட்டால், ஒருநாள் இரவு அவருக்கு அந்த 40 மில்லிகிராம் மாத்திரையே தேவைப்படும். பயந்த பொருளைத் தானே வரவழைத்துக்கொண்ட கதையாகிவிடும்.

முட்டிக்குள் போடும் ஊசி இன்னொரு ரகம். சர்க்கரை உள்ளவருக்கு அது சில நாள், அதிகம் போனால் ஒரு வாரம், சர்க்கரையை ஏற்றும். பிறகு தணியும். ஆலையில் எட்டு மணிநேரம் நின்று முட்டி தேய்ந்தவருக்கு வலி குறைந்தால்தான் நடக்க முடியும்; நடந்தால்தான் தசை நிற்கும். எடைகுறைப்பு ஊசியும் முட்டிக்கு எதிரியல்ல. முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் நடத்தி 2024இல் வெளியான ஸ்டெப் 9 ஆய்வில், செமாக்ளூடைடு எடுத்தவர்களுக்கு எடை 13.7 சதவீதம் குறைந்ததோடு முட்டி வலியும் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத ஊசி எடுத்தவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. ஒரே முட்டிக்காக இருவரும் உழைக்கும்போது, ஒருவரை வெளியே அனுப்பச் சொல்வதில் என்ன நியாயம்? ஜிம்மில் சதை ஏற்றப் போடுகிறார்களே, அது இந்தக் குடும்பமே இல்லை. ஆண் ஹார்மோன் வகை. பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு.

இனி, "ஒன்றை நிறுத்து" என்ற அறிவுரை. ஐந்து நாள் ஸ்டீராய்டுக்காக இந்த வாரத்து ஊசியைத் தள்ளிப்போடுகிறவர் எதைச் சாதிக்கிறார்? உடலில் உள்ள செமாக்ளூடைடு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டிர்செபடைடுக்கு ஐந்து நாள். ஊசியை விட்டாலும் மருந்து உள்ளேதான் இருக்கிறது. விட்டது பல வாரமாக நீண்டால், பழைய அளவை அப்படியே தொடர முடியாமல் குறைந்த அளவிலிருந்து ஏற வேண்டிவரலாம். பணமும் போகும், குமட்டலும் புதிதாகத் தொடங்கும்.

ஸ்டீராய்டை நிறுத்துவது இதைவிடப் பெரிய விபரீதம். மூன்று வாரத்துக்கு மேல் ப்ரெட்னிசோலோன் எடுத்தவரின் அட்ரீனல் சுரப்பிகள் தம் வேலையை நிறுத்தித் தூங்கிப்போயிருக்கலாம். மாத்திரையைத் திடீரென்று விட்டால் உடலில் கார்ட்டிசால் இருக்காது. தலைசுற்றும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்தாகும். இந்த இரண்டு மருந்துகளும் உண்மையாகவே குறுக்கிடும் இடம் இங்கேதான் இருக்கிறது. ஊர்ப்பேச்சில் அது வருவதே இல்லை. எடைகுறைப்பு ஊசி தொடங்கும்போதும் அளவை ஏற்றும்போதும் சிலருக்கு வாந்தி நிற்காது. நெடுநாள் ஸ்டீராய்டில் இருப்பவர் விழுங்கிய மாத்திரையை வாந்தியெடுத்தால், அவர் அன்றைக்கு ஸ்டீராய்டு எடுக்கவில்லை என்றே பொருள். அந்தச் சோர்வையும் தலைசுற்றலையும் "ஊசியோட சைடு எஃபெக்ட்தான், சரியாயிடும்" என்று வீட்டில் படுக்கவைத்துவிடுவார்கள். அப்படிப் படுக்கவைக்கக் கூடாது. மாத்திரை வயிற்றில் தங்காதபோது அவருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியாகவே தேவைப்படும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வயிறு மெதுவாகக் காலியாவதால் மற்ற மாத்திரைகள் சேராது என்பதும் அளவுக்கு மீறிய பயம். வார்ஃபரின், டிகாக்சின், மெட்ஃபார்மின், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றோடு செமாக்ளூடைடைச் சோதித்தபோது சிகிச்சையைப் பாதிக்கும் மாற்றம் தெரியவில்லை. டிர்செபடைடு எடுக்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை உண்டு, அதை மருத்துவரிடம் கேட்டேயாக வேண்டும். செமாக்ளூடைடை மாத்திரையாக எடுப்பவர் அதைக் காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் போகாத தண்ணீரோடு விழுங்கி அரை மணி பொறுத்த பிறகுதான் டிபனும் ஸ்டீராய்டும். அவ்வளவுதான் அந்தச் சிக்கல்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறான நம்பிக்கை வளர்கிறது: "ஊசி போட்டிருக்கேன், ஸ்டீராய்டு எடுத்தாலும் சர்க்கரையை அது பாத்துக்கும்." பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. காலையில் எடுக்கும் ப்ரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றுவது பிற்பகலிலும் மாலையிலும். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை நார்மலாகவே வரும், வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிநேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் விரலில் குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஸ்டீராய்டுக்காக இன்சுலினையோ க்ளிமிபிரைடையோ கூட்டியவர்கள், ஸ்டீராய்டு குறையும்போது அவற்றையும் மருத்துவரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

கடைசியாக ஒரு மருந்து. இதை யாரும் ஸ்டீராய்டு என்று சொல்வதில்லை. "அண்ணா, உடம்பு வலிக்கு ஒரு செட் போடுங்க" என்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் கேட்கலாம், ஆவடி மார்க்கெட்டிலும் கேட்கலாம். சின்ன காகிதக் கவரில் நான்கைந்து மாத்திரைகள் வரும். எது எதற்கு என்று எழுதியிருக்காது. அதில் டெக்சாமெத்தசோனோ பெட்டாமெத்தசோனோ இருப்பது சாதாரணம். அடுத்த நாளே வலி பறந்துபோவதற்கு அதுதான் காரணம். மூட்டுவலிக்கென்று பெயர் போடாமல் விற்கும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. எடை ஊசி போட்டும் எடை இறங்கவில்லை, சர்க்கரை ஏன் ஆடுகிறது என்று தெரியவில்லை என்று குழம்புகிறவர், முதலில் இந்தக் கவரையும் பொடியையும் மருத்துவரின் மேசையில் வைக்க வேண்டும். டாக்டர் எழுதிய அளவும் நாளும் தெரிந்த ஸ்டீராய்டைச் சமாளிக்க வழி இருக்கிறது. அளவே தெரியாத ஸ்டீராய்டுக்கு யாராலும் திட்டம் போட முடியாது. மாதக்கணக்காக அந்தச் செட்டைச் சாப்பிட்டு வந்தவரும் தானாக ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. சுரப்பி விழித்துக்கொள்ள அவகாசம் கொடுத்து, மருத்துவர்தான் படிப்படியாக இறக்க வேண்டும்.