வாடகை இல்லாத வீட்டின் வாடகை

2025 ஆகஸ்டில் எடின்பரோ நகரில் 12 இரவுகள் தங்கியிருந்தேன். தங்கியதற்கு வாடகை என்று ஒரு பென்னி கூடக் கொடுக்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "ஆக, ஓசியிலேயே விழாவைப் பார்த்துவிட்டு வந்துவிட்டீர்கள்" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஓசி என்று எண்ணிக்கொண்டு இந்த ஏற்பாட்டுக்குள் நுழைகிறவர், தனக்கும் கெடுதல் செய்துகொள்கிறார், வீட்டை நம்பிக் கொடுத்தவருக்கும் கெடுதல் செய்கிறார் என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் இதை ஹவுஸ் சிட்டிங் என்கிறார்கள். நேராகத் தமிழாக்க முயன்றால் வீட்டுக் காவல் என்று வரும். நம் செய்தித்தாள்களில் அதற்கு வேறு பொருள். அந்த வேறு பொருளிலும் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏற்பாடு எளிமையானது. வீட்டுக்காரர் வெளியூர் போகிறார். அவர் திரும்பும் வரை இன்னொருவர் அங்கே தங்கி வீட்டையும் செடிகளையும், பெரும்பாலும் ஒரு நாயையோ பூனையையோ பார்த்துக்கொள்கிறார். இருவருக்கும் இடையே பணம் கைமாறுவதில்லை. இருவரையும் இணைத்துவைக்கும் இணையதளங்கள் ஆண்டுச் சந்தா வாங்கிக்கொள்கின்றன. பிரிட்டனில் 2010இல் தொடங்கிய டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் அவற்றில் பரவலாக அறியப்பட்டது. முன்பின் தெரியாத ஒருவரிடம் சாவியைக் கொடுக்க வீட்டுக்காரருக்கும் காரணங்கள் உண்டு. நாய்க் காப்பகங்கள் நாள் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. வயதான விலங்கு இடம் மாறினால் ஏங்கிப்போகிறது. பிரிட்டனில் பல வீட்டுக் காப்பீடுகள், வீடு 30 அல்லது 60 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் சில இழப்புகளுக்குப் பொறுப்பேற்பதில்லை. குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடித்தால் கவனிக்கவும் ஆள் வேண்டும்.

எடின்பரோவைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யுனெஸ்கோ 2004இல் முதல் இலக்கிய நகரமாக அறிவித்த ஊர் அது. 1947 முதல் அங்கே கலை விழாவும் 1983 முதல் புத்தக விழாவும் நடந்து வருகின்றன. எல்லாம் ஆகஸ்டில் வந்து குவிவதால் அந்த மாதத்தில் விடுதிக் கட்டணம் எகிறிவிடும். போதாததற்கு, 2026 ஜூலை 24 முதலான தங்கல்களுக்கு அறைக் கட்டணத்தின் மீது 5 சதவீத வரி விதிப்பதென மாநகராட்சி 2025 ஜனவரியில் முடிவு செய்தது. நான் விசாரித்தபோது சாதாரண அறைகூட இரவுக்கு 160 பவுண்டுக்குக் குறைந்து கிடைக்கவில்லை. 12 இரவுகளுக்கு 1,920 பவுண்டு. வட இங்கிலாந்தில் மாதச் சம்பளத்தில் வாழும் எனக்கு அது கட்டுப்படியாகாது.

எனக்குக் கிடைத்தது மார்ச்மாண்ட் பகுதியில் பழைய கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி வீடு. கூடவே 13 வயதான ஸ்பேனியல் நாய் ஒன்று. மெடோஸ் பூங்காவைக் குறுக்காகக் கடந்தால் புத்தக விழா நடக்கும் இடம். இதைவிட வாய்ப்பான இருப்பிடத்தைக் காசு கொடுத்தும் பெற்றிருக்க முடியாது.

இனி வாடகைக் கணக்கு. காலையும் மாலையும் நடை, உணவு, மூட்டுவலிக்கு மாத்திரை, படியிறக்கத் தூக்கிச் செல்வது என நாளுக்கு 3 மணி நேரம் ஆயிற்று. 12 நாட்களுக்கு 36 மணி நேரம். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 12.21 பவுண்டை வைத்துக் கணக்கிட்டால் என் உழைப்பின் மதிப்பு ஏறத்தாழ 440 பவுண்டு. ஆண்டுச் சந்தா ஏறத்தாழ 100. ஆக 540 பவுண்டு மதிப்புக்கு 1,920 பவுண்டு தங்குமிடம். கணக்கு எனக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது.

நாயை 4 மணி நேரத்துக்கு மேல் தனியே விடக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. இங்கே விலங்கு நல அமைப்புகளும் அதையே சொல்கின்றன. எனவே ஒரு கூட்டத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததற்குள் வீடு திரும்பியாக வேண்டும். நகரைவிட்டு வெளியே ஒரு நாள் போய்வர வழியில்லை. வீட்டுக் காவல் என்ற சொல்லை அப்போதுதான் நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சிரிப்பு போயிற்று. காலை நடையின்போது நான் கையில் விழா நிகழ்ச்சி நிரலை விரித்துப் படித்தபடி நடந்தேன். முந்தைய மாலை யாரோ பூங்காவில் இறைச்சி சுட்டுத் தின்றுவிட்டு எறிந்த மிச்சத்தை நாய் விழுங்கிவிட்டது. பிற்பகலில் அது விடாமல் வாந்தியெடுக்கத் தொடங்கியது. வீட்டுக்காரர் கிரீட் தீவில் இருந்தார். தொலைபேசியில் அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வாடகைக் காரில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாதக்கணக்காகக் காத்திருந்து சீட்டு வாங்கிய நாவலாசிரியரின் உரை அன்று மாலை 6 மணிக்கு. அந்நேரம் நான் மருத்துவமனை நாற்காலியில் ஒரு கிழ நாயின் கழுத்துப்பட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாய் பிழைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட அன்றிரவு தோன்றியது.

இந்த வீட்டின் உண்மையான வாடகை அதுதான். அந்த 36 மணி நேர வேலை அதன் சிறு பகுதி. ஏதேனும் நேர்ந்தால் என் திட்டம் முழுவதையும் கைவிட்டுவிட்டு அங்கே நிற்பேன் என்ற உறுதிமொழியே பெரும்பகுதி. அதைக் கொடுக்க மனமில்லாதவர் விடுதியில் தங்குவதே நேர்மை. விடுதியில் நம் கவனக்குறைவால் யாருக்கும் உயிர் போகாது.

இது இலவசமல்ல என்பதைச் சட்டங்கள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கின்றன. குறுகிய கால வாடகை வீடுகளுக்கு உரிமம் கோரும் ஸ்காட்லாந்தின் 2022ஆம் ஆண்டு ஆணை, வணிகப் பயன் என்பதில் பணத்தோடு சேவை முதலான பண்டமாற்றுகளையும் சேர்த்தே வரையறுக்கிறது. அதே 2022இல் கனடாவில் ஒரு பூனையைப் பார்த்துக்கொள்ளப் புறப்பட்ட ஆஸ்திரேலியப் பெண் ஒருவர், வழியில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அமெரிக்காவில் முன்பு இப்படித் தங்கியதை அதிகாரிகள் வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனுக்குப் பார்வையாளராக வருபவரும் வேலை செய்யவோ சேவை வழங்கவோ கூடாது என்பது விதி.

எனவே சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஐரோப்பா வரத் திட்டமிடும் நண்பர்களுக்கு இதைச் சிக்கன வழி என்று பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும். அறிமுகமில்லாத ஒருவரின் நாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று ஊகிப்பது கடினமல்ல. "உலகை இலவசமாகச் சுற்றலாம்" என்று எழுதுகிறவர்களில் பலர் வலுவான கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். அவர்கள் கணக்கில் அதற்கு விலையே இல்லை.

நம்பிக்கையும் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் ஏர்பிஎன்பி விருந்தினர்களைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வொன்று, ஆப்பிரிக்க அமெரிக்கப் பெயர்கொண்டவர்களின் விண்ணப்பங்கள் ஏற்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 16 சதவீதம் குறைவு என்று காட்டியது. பணம் கொடுக்கும் விருந்தினருக்கே அந்த நிலை. எனக்கு முதல் வீடு கிடைப்பதற்குள் 11 மறுப்புகள் வந்தன. அவற்றுள் எத்தனை என் பெயருக்காக, எத்தனை அனுபவமின்மைக்காக என்று பிரித்தறிய வழியில்லை. ஒரு பக்கத்துத் தெரு மூதாட்டியின் பூனையை ஒரு வாரம் பார்த்துக்கொண்டு அவர் எழுதித் தந்த நான்கு வரிகளே கதவைத் திறந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் மீண்டும் போவாயா என்று கேட்டால், போவேன். ஆனால் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். விலங்கை எவ்வளவு நேரம் தனியே விடலாம், மருத்துவச் செலவுக்கு யார் பொறுப்பு, எந்தத் தொகை வரை நானே முடிவெடுக்கலாம், காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் தங்குவது தெரியுமா, எனக்கே உடல்நலம் கெட்டால் சாவியை யாரிடம் கொடுப்பது. வீட்டுக்காரர் பயணத்தை ரத்து செய்துவிட்டால் சில இரவுகள் விடுதியில் தங்கப் பணமும் கையில் இருக்க வேண்டும். சேமிப்பே குறிக்கோளாக வருகிறவரிடம் பெரும்பாலும் இருக்காத பணம் அது.

நம் மொழியில் அடைக்கலம் என்றொரு சொல் உண்டு. புகலிடம் என்றும் பொருள், ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருள் என்றும் பொருள். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். அங்கே கண்ணகிக்குப் புகலிடம் கிடைக்கிறது, மாதரிக்குப் பொறுப்பு வந்து சேர்கிறது. மார்ச்மாண்ட் வீட்டிலோ இரண்டும் என் ஒருவன் மேலேயே வந்து விழுந்தன. எனக்குத் தங்க இடம் கொடுத்த வீடே என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளாகவும் இருந்தது. நண்பரை அடுத்த முறை பார்க்கும்போது, ஓசி என்ற சொல்லுக்குப் பதிலாக இதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

தவறவிட்ட அந்த உரையைப் பிறகு நான் கேட்கவே இல்லை. கடைசி நாள் காலையில் நாயைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். நிகழ்ச்சி நிரல் பைக்குள்ளேயே இருந்தது.